சென்னியப்பனுக்கு வாத்து வராத கதை

வாய்க்கால்மேடு என்கிற ஊரில் படம் பார்த்துவிட்டு வந்து கருத்துச் சொல்கிறவர்களின் பின்னாலிருந்து வாத்து வர ஆரம்பித்தது ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் சாயங்காலத்தில். தியேட்டருக்கு நேர் எதிரே பேக்கரி வைத்திருந்த சென்னியப்பன், டீ ஆற்றிக்கொண்டே அதைத் தன் கண்ணால் பார்த்தான். மேட்னி ஆட்டம் விட்டு முதல் ஆளாக வெளியே வந்த தறிக்காரர் குப்பணன், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரிடமும் இல்லாமல் பொதுவாக, முதல் பாதி பரவாயில்லை, ரெண்டாம் பாதியைத்தான் ஜவ்வாட்டம் இழுத்துவிட்டார்கள் என்று சொன்னார். சொல்லி அவர் வாயை மூடியதும், வேட்டிக்குப் பின்னாலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு வாத்து, இவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருந்தது போலவும், மனுசன் எப்போது பேசி முடிப்பான் என்று பொறுமையாகக் காத்திருந்தது போலவும், ஆடி அசைந்து முன்னால் வந்து அவர் காலடியில் நின்றது. குப்பணன் வாத்தைப் பார்த்தார், வாத்து குப்பணனைப் பார்த்தது. வயலுக்கு ஓட்டிப்போகிற மந்தையிலிருந்து பிரிந்து வந்ததாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர் சைக்கிளைத் தள்ள, வாத்து அவர் பின்னாலேயே வீடுவரைக்கும் நடந்து போனது.

அவருக்கு அடுத்து வந்த சாயப்பட்டறைக்காரர் சம்சாரம், கதை எப்படியோ போகட்டும், கதாநாயகி கட்டியிருந்த சேலை ஒவ்வொன்றும் கண்ணிலேயே நிற்கிறது என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள், அவளுக்கு வெள்ளை வாத்து வந்தது. அதற்குப் பின்னால் வந்தவர்கள் பேசப் பேச வாத்தும் வரவர, ஆட்டம் விட்டுக் கூட்டம் கலைவதற்குள் தியேட்டர் ரோட்டில் வாத்து நிறைந்து, ஈரோட்டுப் பஸ் அரை மணி நேரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் டிரைவர் இறங்கிச் சென்னியப்பனிடம் ஒரு டீ சொன்னார்.

ஊர் இதற்கு ஆச்சரியப்பட்டு முடிப்பதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது, சனிக்கிழமை எல்லோருக்கும் சம்பள நாள், அதனால் ஆச்சரியப்பட யாருக்கும் நேரம் இருக்கவில்லை. என்ன பேசினால் என்ன வாத்து வரும் என்பது மட்டும் ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் பழகிப்போயிற்று. பிடித்தது என்றால் வெள்ளை, பிடிக்கவில்லை என்றால் பழுப்பு, ஒரு தடவை பார்க்கலாம் என்று சொல்கிறவர்களுக்குச் சாம்பல் நிறத்தில் ஒன்று வந்து, இந்தப் பக்கம் போவதா அந்தப் பக்கம் போவதா என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே சுற்றும். முழுப்படத்துக்கு முழு வாத்து, செல்போனில் பார்க்கிற சின்னச்சின்ன வீடியோவுக்கெல்லாம் மஞ்சளாகக் குஞ்சு. பார்க்காத படத்தைப் பார்த்ததாகச் சொன்னாலும், அடுத்தவன் சொன்னதை எடுத்துத் தன்னுடையதாகச் சொன்னாலும், மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் வேறொன்றைச் சொன்னாலும், ஒன்றும் வராது. இதை யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கடைவீதியில் ஒரு மாமியாரும் மருமகளும் போட்ட சண்டையில், ஒருத்தி பின்னால் வாத்தும் ஒருத்தி பின்னால் வெறுந்தரையும் இருந்ததைப் பார்த்து ஊரே தெரிந்துகொண்டது.

டவுனிலிருந்து கால்நடை டாக்டர் ஒருவர் வந்தார். இரண்டு வாத்துகளைத் தூக்கிப் பார்த்தார், அலகைத் திறந்து பார்த்தார், இறக்கையை விரித்துப் பார்த்தார், இது வாத்துதான் என்று சொல்லிவிட்டு, பூச்சி மருந்து எழுதிக்கொடுத்துப் போனார். அதற்குப் பிறகு யாருக்கும் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டுப் பேசி, இனிமேல் சினிமாவைப் பற்றியோ வீடியோவைப் பற்றியோ கருத்து இருக்கிறவர்கள் நேரே வாய்க்கால் கரைக்குப் போய் அங்கே நின்று சொல்லிவிட்டு வரவேண்டும் என்று முடிவு செய்தார்கள். பொழுது சாய்ந்தால் கரை நெடுகிலும் ஜனங்கள் செல்போனோடு நின்று ஒருவருக்கொருவர் கருத்துச் சொல்லிக்கொண்டிருக்க, வாத்துகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கிப் போய்க்கொண்டிருக்கும். வீட்டுக்கு ஓட்டிவந்து வளர்க்க ஆசைப்பட்டவர்கள், அடையாளம் மாறிப்போகாமல் இருக்கச் சாயப்பட்டறையில் மிஞ்சிய சாயத்தைக் கொண்டுவந்து அவரவர் வாத்துக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டார்கள். குப்பணன் வீட்டு வாத்துக்கு ரோஸ், பெரியவீட்டு வாத்துக்குப் பச்சை. பெண் பார்க்க வருகிற ஒறம்பரைச் சொந்தங்கள் பெண்ணைப் பாடச்சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டு, கடைசியாகப் பார்த்த படம் எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டு, பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். முட்டை ஊருக்குக் கொள்ளவில்லை. சென்னியப்பன் பேக்கரியில் முட்டை பப்ஸ் எல்லாம் வாத்து முட்டை பப்ஸாக மாறி, உள்ளே முழு முட்டை அடங்காமல் எல்லாப் பப்ஸும் கர்ப்பிணியாட்டம் உப்பிக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தன.

ஊரில் நாள் முழுக்கச் சினிமா பேசியும் வாத்து வராத ஆள் என்று இருந்தது சென்னியப்பன் ஒருவன்தான்.

அவன் பொய்க்காரன் இல்லை. பேக்கரிக்கு வருகிறவர்கள் ஒரு கையில் டீயும் ஒரு கையில் பன்னுமாக நின்று சினிமா பேசுவார்கள், பேசுகிறவர்களுக்கு ஆமாம் போட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளாகச் சென்னியப்பன் இருபது வருசமாக இருந்துவந்தான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அப்படியொரு படம் வந்ததே இல்லை என்றால், ஆமாங்க, வந்ததே இல்லீங்க என்பான். பெஞ்சுக்கு எதிரே நின்றிருப்பவர் அதெல்லாம் ஒரு படமா என்றால், அதைச் சொல்லுங்க, எந்திரிச்சு வந்துரலாம்னு இருக்குமுங்க என்பான். இரண்டையும் ஒரே முகத்தோடு, ஒரே மூச்சில், டீயின் நுரை உடையாமல் சொல்லத் தெரிந்தவன் அவன். எதிரே இருக்கிற தியேட்டருக்குள் அவன் கல்யாணமான புதிதில் போனது, அப்புறம் கால் வைக்கவில்லை. சர்க்கரை போதுமா என்று கேட்பது எப்படியோ அப்படித்தான் அவனுக்கு ஆமாங்க என்று சொல்வதும். அது நாக்கில் இருக்கிற வேலை, மனசுக்கு அங்கே வேலை இல்லை. வாத்து வருவதற்கு முன்பு இதில் யாருக்கும் குறை தெரியவில்லை. வந்த பிறகுதான், எவ்வளவு பேசினாலும் அவன் நிற்கிற கல்லாப் பக்கத்துத் தரை மட்டும் கழுவிவிட்டதுபோலச் சுத்தமாக இருக்கிறது என்பதை வாடிக்கைக்காரர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, டீ நன்றாக இருந்ததால் ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள்.

மரகதம் அப்படி இருக்கவில்லை.

மரகதம் அவனுடைய சம்சாரம். மத்தியானம் தறிச் சத்தம் சாப்பாட்டுக்கு ஓய்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், செல்போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு, முந்தின நாள் சாயங்காலத்துச் சீரியலை ஒரே நிமிசத்தில் ஆடிக் காட்டி வீடியோ எடுத்துப் போடுவாள். சாயங்கால ஷிப்டுக்குத் தறிக்குப் போவதால் சீரியல் பார்க்க முடியாத பொம்பளைகளுக்காக அவள் ஆரம்பித்தது அது. எல்லா வேசமும் அவளேதான். மாமியாருக்கு இடுப்பில் கொத்துச்சாவி, போலீசுக்குக் கறுப்பு நூலில் மீசை, அழுகிற மருமகளுக்குச் சொம்புத் தண்ணீரில் விரலை விட்டுக் கண்ணில் ஒரு சொட்டு. கோர்ட் சீன் வருகிற நாளில் ஜட்ஜாக உட்கார்ந்து, வக்கீலாக எழுந்து, குற்றவாளியாகக் கூண்டில் ஏறி, மறுபடி ஜட்ஜாக வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே தீர்ப்புச் சொல்வாள். அன்றைக்குப் பொழுதோடு, விளக்கு வைத்த பிறகு, சென்னியப்பன் சாப்பிட உட்காரும்போது அவன் முகத்துக்கு முன்னால் செல்போனை நீட்டுவாள். அவன் செல்போனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரசத்தைப் பார்த்துக்கொண்டே, "நல்லா இருக்குது புள்ள" என்பான். இரண்டு வருசமாக இது இப்படியே நடந்துவந்தது. மரகதத்துக்கு அது ஒரு சந்தோசமாகத்தான் இருந்தது.

வாத்து வந்த வாரத்தில் அவள் முதல் நாள், குஞ்சு கட்டிலுக்கு அடியில் ஓடியிருக்கும் என்று நினைத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். மறுநாள், கதவு சாத்தியிருந்ததால் வெளியிலேயே நின்றுவிட்டதோ என்று கதவைத் திறந்து வைத்தாள். அதற்கு மறுநாள், கொஞ்சம் சத்தமாகச் சொல்லும்படி கேட்டாள். அவனும் சத்தமாகச் சொன்னான், பக்கத்து வீட்டில் நாய் குரைத்தது, குஞ்சு வரவில்லை. பிறகு அவள் டார்ச்சும் அடிக்கவில்லை, கதவும் திறக்கவில்லை, ஆனால் தினமும் செல்போனை நீட்டிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் அவனுக்குப் பின்னால் இருக்கிற சுவரோரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். சென்னியப்பனுக்கு ரசம் இறங்காமல் போனது அப்போதிருந்துதான்.

ஒரு நாள் அவன் யோசித்து ஒரு காரியம் செய்தான். குப்பணன் வீட்டுக்குப் பின்பக்கமாகப் போய், அவரிடம் பொதுவாக நாலு வார்த்தை பேசிவிட்டு, வரும்போது ஒரு வாத்துக் குஞ்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான். பேக்கரியில் வைத்து அதன் தலையில் இருந்த ரோஸ் பொட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்தான். பொட்டுப் போகாமல் கரைந்து உடம்பெல்லாம் இறங்கி, குஞ்சு பஞ்சுமிட்டாய் நிறத்துக்கு வந்து நின்றது. நேரமாகிவிட்டதால் அப்படியே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய், கையைக் கழுவி உட்கார்ந்து, மரகதம் செல்போனை நீட்டியதும் நல்லா என்று ஆரம்பித்தான். சட்டைப்பைக்குள் இருந்ததற்கு நல்லாவுக்கு மேல் பொறுக்க முடியவில்லை. இருக்குது வருவதற்கு முன்பே அது மேலே ஏறி, பொத்தானுக்குப் பக்கத்தில் தலையை நீட்டி, பின்னால் வர வேண்டியது முன்னால் வந்து, ரசச் சாதத்துக்குள் விழுந்தது.

மரகதம் அதை எடுத்து முந்தானையில் துடைத்தாள். முந்தானை ரோஸாயிற்று. குஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கி, எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில், குப்பணன் வீட்டுக்கு முன்னால் போய் நின்று, "அண்ணா, உங்கூட்டுக் குஞ்சு வழி தெரியாம எங்கூட்டுக்காரரு சட்டைப்பைக்குள்ள வந்துருச்சுங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். தெரு முழுக்க அதைக் கேட்டது. சிரிக்க வேண்டும் என்று தோன்றியவர்களெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருந்தார்கள்.

திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்து அவள் கேட்டது ஒன்றுதான். "ரெண்டு வருசமா நான் யாருக்கு எதிர்ல நடிச்சுட்டு இருந்தேனுங்க?"

அவனுக்கு ஆமாங்க என்று வாய் வரை வந்தது. அது கேள்விக்குப் பொருந்தாது என்று தெரிந்ததால் நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் மரகதம் வீடியோ போடவில்லை. அதற்கு மறுநாளும் போடவில்லை. செல்போன் அரிசி டின்னுக்கு மேலே கவிழ்ந்து கிடந்தது. தறிக்குப் போகிற பொம்பளைகள் பேக்கரிக்கு வந்து, சீரியலில் குழந்தை மாறிப்போனது என்ன ஆச்சு, உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா மரகதத்துக்கு என்று கேட்டார்கள். கேட்கும்போதே சென்னியப்பனைப் பார்த்து என்னவோ ஒரு மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். அதற்குக் காரணம் வாத்துக் குஞ்சு விசயம் என்றுதான் அவன் நினைத்தான். வீட்டில் அவள் சாப்பாடு போட்டாள், பேசினாள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். எல்லாவற்றையும் ஹோட்டலில் கேட்பது போலக் கேட்டாள்.

சென்னியப்பன் பேக்கரியை மேட்னி நேரத்தில் சாத்திவிட்டு எதிரே இருக்கிற தியேட்டருக்குள் போனான். வாத்து வந்ததைவிட இதுதான் ஊருக்குப் பெரிய செய்தியாக இருந்தது. ஆட்டம் விடுகிற நேரத்துக்கு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அவன் வெளியே வந்தான். நல்லா இருந்துச்சுங்க என்றான். எல்லோரும் அவன் பின்னால் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. நல்லாலீங்க என்றான். ஒன்றும் இல்லை. ஒரு தடவை பார்க்கலாம் என்று சொல்லிப் பாருங்க என்று கூட்டத்தில் இருந்து யாரோ உதவி செய்தார்கள். அதையும் சொன்னான். வாத்து வராததைப் பார்த்துக் கூட்டத்துக்கே வருத்தமாகப் போயிற்று. உண்மையில் அவன் படம் ஓடின நேரமெல்லாம், அடுப்பில் வைத்த பாலை இறக்கினோமா இல்லையா என்று நினைத்துக்கொண்டிருந்தான், திரையில் யார் யாரை எதற்கு அடித்தார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

அப்போதுதான் அவனுக்குப் பின்னால் துரைசாமி வெளியே வந்தார். துரைசாமி இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஊரின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்த அன்றைக்கே நீளநீளமாக விமர்சனம் போடுகிறவர். திரைக்கதை, ஒளிப்பதிவு, பின்னணி இசை என்று அவர் எழுதாதது இல்லை. வாத்து வந்த மாதத்தில் அவரை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போய் அதையெல்லாம் வாயால் சொல்லச் சொன்னபோது, அரை மணி நேரம் பேசியும் ஒரு இறகுகூட வரவில்லை, எல்லாமே எங்கெங்கோ இருந்து எடுத்துப் போட்டது என்று தெரிந்துபோனது. வெட்கப்பட்டுக்கொண்டு அன்றிலிருந்து குழுவில் காலை வணக்கம் மட்டும் போட்டுவந்தார். வெகுகாலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு படத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். வெளியே வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, "தலை வலிக்குதுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் பின்னாலிருந்து, அந்த வருசத்திலேயே பெரியதாக, கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு பழுப்பு வாத்து வந்து நின்றது. ஜனங்கள் கை தட்டினார்கள். துரைசாமி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

சென்னியப்பன் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தான். கருத்து என்பது எங்கேயோ உயரத்தில் இருப்பது, ஏணி வைத்து எட்டி எடுக்க வேண்டியது, நமக்கு எதற்கு அது என்றுதான் அவன் இதுவரைக்கும் இருந்தான். தலை வலிக்கிறது என்று சொன்னால் போதும் என்பது அவனுக்கு யாரும் சொல்லாத விசயம்.

மறுநாள் மத்தியானம், ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே மைதா மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, மரகதம் போட்ட வீடியோக்களை முதலில் இருந்து பார்க்க ஆரம்பித்தான். முதல் வீடியோவில் அவள் தலை தெரியவில்லை, கழுத்துக்குக் கீழேதான் தெரிந்தது, அப்படியே ஒரு நிமிசமும் நடித்திருந்தாள். பிறகு செல்போனை எங்கே வைப்பது என்று கண்டுபிடித்திருந்தாள். போலீசாக வந்து கைது செய்கிற இடத்தில் மீசை கழன்று விழ, அதைக் குனிந்து எடுத்து ஒட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போலக் கைதைத் தொடர்ந்திருந்தாள். சென்னியப்பன் அதை நாலு தடவை பார்த்துச் சிரித்தான். கதாநாயகன் விட்டுவிட்டுப் போகிற ஒரு வீடியோவில், அவள் சொம்பைத் தொடவே இல்லை, ஆனாலும் கண்ணில் தண்ணீர் இருந்தது. அது அவள் அம்மா இறந்த வாரம் என்று அவனுக்கு ஞாபகம் வந்தது. அந்த வாரமும் அவன் நல்லா இருக்குது புள்ள என்றுதான் சொல்லியிருந்தான்.

கடைசி வீடியோ சீரியல் இல்லை. குஞ்சை அவன் சட்டைப்பையில் கொண்டுவந்த அன்றைக்கு மத்தியானம் போட்டது. அதில் மரகதம் அவனுடைய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சம்சாரம் வேசத்தில் வந்து புதுச் சேலை காட்டினாள், துண்டு போட்டவன் நிமிராமல், நல்லா இருக்குது புள்ள என்றான். குழாய் உடைந்துபோச்சு என்றாள், நல்லா இருக்குது புள்ள என்றான். வீடு தீப்பிடித்து எரிகிறது, எழுந்து வாங்க என்று கத்தினாள், அதற்கும் அவன் ஒரு வாய் சோற்றை உருட்டிக்கொண்டே, நல்லா இருக்குது புள்ள, இன்னும் கொஞ்சம் ஊத்து என்றான். ஊரே அதைப் பார்த்திருந்தது. தறிக்குப் போகிற பொம்பளைகள் எதற்காக உதட்டைக் கடித்தார்கள் என்பதும் வாய்க்கால் கரையில் சில நாளாக ஏன் இவ்வளவு குஞ்சுகள் என்பதும் அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. முதலில் சிரித்தான். பிறகு காது சுட்டது. பிறகு மைதா ஒட்டிய வேட்டியோடு எழுந்து, கடையைச் சாத்தக்கூடச் செய்யாமல் வீட்டுக்கு நடந்தான்.

மரகதம் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் நிலைப்படியில் நின்று, "அந்த ஆம்பளையா நடிச்சது சரியில்ல" என்றான்.

"எந்த ஆம்பளை?"

"துண்டு போட்டவன். நான் அப்படி இழுத்து இழுத்துப் பேசமாட்டேன். அப்புறம், கை. நான் எடது கையைத் தொடையில வச்சுட்டுச் சாப்பிடமாட்டேன்."

அவன் பின்னால் கீச் என்று ஒரு சத்தம் கேட்டது. சென்னியப்பன் திரும்பவில்லை, அவனுக்கு இன்னும் சொல்வதற்கு இருந்தது. தீப்பிடிக்கிற இடத்தில் அவசரப்பட்டுவிட்டாய் என்றான், கத்துவதற்கு முன்னால் ஒரு நொடி நின்றிருந்தால் இன்னும் சிரிப்பு வந்திருக்கும் என்றான், கீச் என்றது. மீசை விழுந்த வீடியோதான் எல்லாவற்றிலும் நல்லது என்றான், கீச். அந்த அழுகை வீடியோவை நான் அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும் என்றான், அதற்கும் ஒன்று, சின்னதாக, கீச்.

மரகதம் முறத்தைக் கீழே வைத்தாள். அவன் காலைச் சுற்றி நின்ற குஞ்சுகளை ஒரு பார்வை பார்த்தாள். அவள் கண் கலங்கப் போகிறது என்று சென்னியப்பன் நினைத்தான். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நடிப்பைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று ஆரம்பித்தாள். எடது கையைத் தொடையில் வைத்துத்தான் இருபது வருசமாகச் சாப்பிடுகிறீர்கள், எதிரே உட்கார்ந்து பார்க்கிறவள் நான் என்றாள், அவள் பின்னாலும் கீச் என்றது. தீப்பிடிக்கிற இடத்தில் நிற்கக் கூடாது, நின்றால் அடுத்தது என்ன என்று தெரிந்துபோகும் என்றாள். தெரிந்தால் என்ன, தெரிந்த பிறகு வந்தால்தான் சிரிப்பு என்றான் அவன். மீசை வீடியோ உங்களுக்குப் பிடித்ததே அது தப்பாகப் போனதால்தான், தப்பாகப் போனதைப் பிடித்தது என்று சொல்கிறவரிடம் நான் என்ன பேசுவது என்றாள். மாமியார் நடையை எங்க அம்மாவிடம் இருந்து எடுத்துவிட்டாய் என்றான். ஆமாம், எடுத்தேன், அவிய நடை அப்படித்தானே என்றாள். அவன் யோசித்துப் பார்த்து, அப்படித்தான் என்று ஒத்துக்கொண்டு, ஆனால் திரும்புகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் சாயவேண்டும் என்று தானே நடந்து காட்டினான்.

பேசப் பேசக் குஞ்சுகள் வந்தன. நடைக்கு வந்தன, மீசைக்கு வந்தன, கோர்ட் சீனில் வக்கீல் கொஞ்சம் கம்மியாகப் பேசியிருக்கலாம் என்பதற்கு ஒன்றும், அப்படியெல்லாம் கம்மி பண்ண முடியாது என்பதற்கு ஒன்றும் வந்தன, வந்தவை உளுந்தில் ஏறி, சொம்பைக் கவிழ்த்து, அடுப்படியை நிறைத்து, காலை வைக்க இடம் இல்லாமல் போனபோது இரண்டு பேரும் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டு விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார்கள். சத்தம் கேட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்த குப்பணன், வீட்டுக்குள் மஞ்சளாக முழங்கால் அளவுக்கு நிறைந்திருப்பதையும், அதற்கு நடுவே கட்டில் மேல் புருசனும் பெண்டாட்டியும் கையை நீட்டி நீட்டிப் பேசுவதையும் பார்த்துவிட்டு, தலையை மெதுவாக வெளியே எடுத்துக்கொண்டு ஊருக்குச் சொல்லப் போனார்.

கடைசியில் மரகதம் சொன்னாள்: "இவ்வளவு பேசறீங்கல்ல. அந்த வேசத்தை நீங்களே போட்டுக் காட்டுங்க."

போட்டான். அதே துண்டு, அதே தட்டு, அதே அரிசி டின்னில் சாய்த்த செல்போன். ஆனால் செல்போன் தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்ததும் சென்னியப்பனுக்குக் கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் மறந்துபோனது. ரேசன் கார்டுக்குப் போட்டோ எடுக்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை இமைக்காமல் நேரே பார்த்தான். புதுச் சேலையைக் காட்டியபோது ஒன்றும் சொல்லவில்லை. குழாய் உடைந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. வீடு எரிந்தபோது, இரண்டு வருசமாகச் சொல்லிவந்த ஒரே வசனம் மறந்துபோய், "சர்க்கரை போதுமாங்க" என்றான். மரகதம் அதை அப்படியே போட்டுவிட்டாள்.

மறுநாள் பொழுதோடு வாய்க்கால் கரை போதவில்லை. கருத்து இருந்தவர்கள் கரையில் இடம் கிடைக்காமல் நேரே பேக்கரிக்கே வந்துவிட்டார்கள். சாயங்கால ஷிப்டுக்காரிகள் தறிக்குப் போகிற வழியில் வந்தார்கள், சாயப்பட்டறைக்காரர் சம்சாரம் வந்தாள், பெரியவீட்டுக்காரர்கள் வந்தார்கள், ஈரோட்டுப் பஸ் டிரைவர்கூட வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். எல்லோரும் சென்னியப்பனின் முகத்துக்கு நேரே, டீயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இது நடிப்பே இல்லை என்று சொன்னார்கள். மரக்கட்டைகூட இதைவிட அசையும் என்றார்கள். மரகதத்துக்காகப் பார்த்தோம், இந்த ஆள் வருகிற இடத்தில் கஷ்டமாகப் போயிற்று என்றார்கள். சொல்லச் சொல்லக் குஞ்சுகள் வந்து, பெஞ்சுக்கு அடியில் புகுந்து, படியிறங்கி, தியேட்டர் ரோடு முழுக்க ஒரு மஞ்சள் தண்ணீர் போலப் பரவி ஓடின. ஒவ்வொருவருக்கும் வந்தது. வராதவர் ஒருத்தர் இல்லை.

சென்னியப்பன் கேட்டுக்கொண்டே டீ ஆற்றினான். ஆமாங்க என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. துரைசாமி, அந்த முழிப்பைத்தான் தன்னால் தாங்க முடியவில்லை என்று சொன்னபோது, அவன் கிளாஸை வைத்துவிட்டு, அவன் வாழ்நாளிலேயே முதல் முறையாக ஒரு வாடிக்கைக்காரரை மறுத்துப் பேசினான்.

"இல்லீங்க. அது வேணும்னே முழிச்சதுங்க. அந்த இடத்துக்கு அப்படி ஒரு முழிப்பு வேணுமுங்க."

எல்லோரும் ஒன்றாகக் கழுத்தை நீட்டி அவன் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். தரை சுத்தமாக இருந்தது.

முதலில் சிரித்தது மரகதம்தான். கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பப்ஸெல்லாம் ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள். அதற்கப்புறம் ரோடே சிரித்தது. சென்னியப்பன் ஒரு நிமிசம் கோபமாக இருக்கலாமா என்று பார்த்தான், முடியவில்லை, அவனும் சிரித்தான்.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரகதம் அவனை மேலிருந்து கீழ்வரை ஒரு அளவெடுக்கிற பார்வை பார்த்தாள். நேற்றைய சீரியலில் மூத்த மச்சினன் செத்துப்போய்விட்டார் என்றும், கூடத்தில் அவரைக் கிடத்தி வைத்திருக்கிறார்கள் என்றும், அழுகிற அஞ்சு பேரையும் தானே பார்த்துக்கொள்வதாகவும், அவரையும் தானே நடித்தால் யாரைப் பார்த்து அழுவது என்று தெரியவில்லை என்றும் சொன்னாள். "நாளைக்கு மத்தியானம் கடையைச் சாத்திட்டு வாங்க. அசையாம படுத்திருந்தாப் போதும்."

சென்னியப்பன் கையில் இருந்த வடிகட்டியைத் தட்டிக் கவிழ்த்து வைத்தான். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, மற்றவர்கள் காதில் விழாதபடி அவள் பக்கம் குனிந்து, கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா, திறந்து வைத்திருக்க வேண்டுமா என்று கேட்டான்.